குழந்தைகளிடம் குடல் அழற்சி நோய் நிஜமாகவே கூடுகிறதா, கண்டுபிடிப்பதுதான் கூடியிருக்கிறதா?

பத்து வயது மகனுக்கு மூன்று மாதமாக விட்டுவிட்டு வயிற்று வலி. அந்த நேரம் பார்த்து “குழந்தைகளிடம் ஐபிடி வேகமாகப் பரவுகிறது” என்று எங்கோ படித்துவிட்டீர்கள். (ஐபிடி என்பது குடல் அழற்சி நோயின் ஆங்கிலச் சுருக்கம்.) அது உண்மையா, ஏன் அப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது புள்ளிவிவரம்தான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: “என் பையனுக்கு அதுவாக இருக்குமோ?” இரண்டுக்கும் பதில் வேறு வேறு. முதல் கேள்விக்கு எண்கள் ஓரளவு தெளிவாகவே பதில் சொல்கின்றன. இரண்டாவதற்கு அந்த எண்கள் உதவாது. அதற்குப் பையனின் உயர அளவுகளும் ஒரு மலப் பரிசோதனையும்தான் வேண்டும். அந்த வரிசையிலேயே போகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். “குடல் அழற்சி” என்றதும் பலர் நினைப்பது அப்பெண்டிக்ஸை. அது குடல்வால் அழற்சி. ஓரிரு நாளில் முற்றி அறுவை சிகிச்சைக்குப் போவது. இன்னும் சிலர் ஐபிஎஸ்ஸையும் ஐபிடியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஐபிஎஸ்ஸில் குடல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், அதன் உணர்வும் அசைவும்தான் தாறுமாறாகும். ஐபிடி என்பது குடல் சுவரே அழற்சியால் புண்ணாகிப் பல ஆண்டுகள் தொடரும் நோய். அதில் இரண்டு முக்கிய வகை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலோடு நிற்கும், மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கி ஏறும், உள்சவ்வைத்தான் முக்கியமாகத் தாக்கும். குரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், இடையிடையே நல்ல குடலை விட்டுவிட்டு வரும், சுவரின் முழுத் தடிப்பையும் துளைக்கும். இரண்டில் எதுவென்று பிரிக்க முடியாத ஒரு சிறு பங்கும் உண்டு. குழந்தைகளில் அந்தப் பங்கு பெரியவர்களைவிடச் சற்று அதிகம். இதில் எதுவும் தொற்று நோய் இல்லை. ஆகவே “பரவுகிறது” என்பது தவறான சொல். “கூடுகிறது” என்பதே சரி.

கூடுகிறதா? ஆம். 2011 இல் வெளியான ஒரு முறையான தொகுப்பாய்வு 32 நாடுகளைச் சேர்ந்த 139 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. காலப்போக்கைப் புள்ளியியல் முறைப்படி அளந்தவை அவற்றில் 28 மட்டும்தான். அந்த 28 இல் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குழந்தைகளின் ஐபிடி உயர்வதாகக் காட்டின. பத்தாண்டு கழித்து அதே வேலையை மீண்டும் செய்தபோதும் படம் மாறவில்லை: போக்கை அளந்த ஆய்வுகளில் பத்தில் எட்டுக்கு மேல் உயர்வையே சொல்கின்றன. தனி நாடுகளை எடுத்தால் பின்லாந்து முன்வரிசையில் நிற்கிறது. அங்கே 20 வயதுக்குட்பட்டோரில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குச் சுமார் 7 புதிய நோயாளிகள் என்று 1980களின் இறுதியில் இருந்தது, 2010களின் முற்பகுதியில் சுமார் 23 ஆனது. ஸ்காட்லாந்தில் 1990களின் முதல் பாதிக்கும் 2003-08க்கும் இடையே 76 சதவீத உயர்வு. 2011 தொகுப்பாய்வில் உயர்வு அதிகமாகத் தெரிந்தது குரோன் நோயில்தான்; அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பல இடங்களில் மெதுவாகவே ஏறியது. சில இடங்களில் ஏறவேயில்லை.

எல்லா நாட்டிலும் இதே வேகம் என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்கெனவே எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும் நாடுகளில் புதிய நோயாளிகளின் விகிதம் தட்டையாகத் தொடங்கியிருக்கிறது. கனடாவின் ஐந்து மாகாணங்களில் 1999 முதல் 2010 வரை பார்த்தபோது குழந்தைகள் அனைவரையும் சேர்த்தால் விகிதம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 10 என்ற அளவை ஒட்டி, பெரிதாக நகராமலே இருந்தது. தொழில்மயமாகி, நகரமயமாகி வரும் நாடுகளில்தான் இப்போது செங்குத்தான ஏற்றம். இத்துறையில் இருப்பவர்கள் இதை நான்கு கட்டமாகச் சொல்வார்கள்: அங்கொன்று இங்கொன்றாகத் தலைகாட்டுவது, புதிய நோயாளிகள் வேகமாகக் கூடுவது, புதியவர்கள் கூடாவிட்டாலும் பழையவர்கள் சேர்ந்துகொண்டே போவதால் மொத்தம் பெருகுவது, கடைசியில் சமநிலை. கடைசிக் கட்டத்தை எந்த நாடும் இன்னும் தொடவில்லை. அது ஒரு கணிப்பு.

“முன்பும் இருந்தது, இப்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள்” என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. குழந்தைகளுக்கான எண்டோஸ்கோப், எம்ஆர் ஸ்கேன், மலப் பரிசோதனை எல்லாம் வந்தபின் லேசான நோயும் முன்கூட்டியே பிடிபடுகிறது. எந்த வயதை எல்லையாக வைக்கிறார்கள் என்பதும் எண்ணை மாற்றும்: 16 வரை எண்ணும் ஆய்வையும் 20 வரை எண்ணும் ஆய்வையும் பக்கத்தில் வைத்தால் இரண்டாவது தானாகவே பெரிதாகத் தெரியும், ஏனென்றால் பதின்வயதின் பின்பாதியில்தான் நோய் குவிகிறது. மேலே சொன்ன பின்லாந்து எண்ணும் கனடா எண்ணும் கூட அந்தக் காரணத்தால் நேருக்கு நேர் ஒப்பிடத்தக்கவை அல்ல. மருத்துவமனைக் குறியீடுகளை வைத்து எண்ணுவதும், பயாப்ஸி (திசுத் துண்டுப் பரிசோதனை) அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுவதும் ஒரே விடையைத் தராது. குடல் காசநோய் மிகுந்த பகுதிகளில் குரோன் நோய் பல காலம் காசநோய்க் கணக்கில் போயிருக்கும். இத்தனையையும் கழித்த பிறகும் ஏற்றம் மிஞ்சுகிறது. இரத்தம் இரத்தமாகக் கழிச்சல் போகும் குழந்தையை, ஆசனவாயருகே புரைவைத்துச் சீழ் வடியும் குழந்தையை நாற்பது ஆண்டுக்கு முன்பும் யாரும் கவனிக்காமல் விட்டிருக்க முடியாது. பெயர் மாறியிருக்கலாம், ஆள் மருத்துவரிடம் வந்திருப்பார். தவிர, ஒரே மருத்துவ அமைப்பில், ஒரே கருவிகளோடு, ஒரே முறையில் எண்ணும் இடங்களிலும் ஏற்றம் தெரிகிறது.

அடுத்தது சதவீதக் கணக்கு. பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். “76 சதவீத உயர்வு” என்று படித்தால் வயிற்றைக் கலக்கும். ஒரு லட்சத்துக்கு 10 என்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள். 10,000 குழந்தைகளில் ஆண்டுக்கு ஒரு குழந்தை. அதிக விகிதம் உள்ள ஒரு நாட்டில் இந்த நிலை அப்படியே நீடித்தால், பிறந்ததிலிருந்து 18 வயது முடிவதற்குள் ஒரு குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 18 மடங்கு, அதாவது ஒரு லட்சத்துக்கு 180. ஏறத்தாழ 550 பேரில் ஒருவர். இது உதாசீனப்படுத்தக்கூடிய எண் இல்லை. ஆனால் பள்ளி வயதில் அடிக்கடி வயிறு வலிக்கும் குழந்தைகள் பத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கிறார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால், வயிற்று வலி மட்டும் உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஐபிடி இல்லை என்பது விளங்கும்.

புதிய நோயாளிகளின் விகிதமும், இப்போது நோயோடு வாழ்பவர்களின் விகிதமும் வேறு. செய்திகளில் இரண்டும் கலந்தே வரும். குழந்தை மருத்துவத்தில் இதற்கு ஒரு விசித்திரம் உண்டு: 18 ஆனதும் நோயாளி கணக்கிலிருந்து வெளியே போய்விடுவார், நோய் போகாது. 12, 13 வயதில் கண்டறியப்படும் ஒரு பிள்ளை குழந்தைகள் கணக்கில் ஐந்தாறு ஆண்டுகள்தான் இருக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 10 புதியவர் என்றால் எந்த நேரத்திலும் 50, 60 பேர் கணக்கில் இருப்பார்கள். மிச்சமெல்லாம் பெரியவர்கள் கணக்கில் குவிகிறது. இந்த நோய் அரிதாகவே உயிரைக் குடிக்கிறது, முற்றாகக் குணமாவதும் இல்லை. அதனால்தான் மொத்தம் பெருகிக்கொண்டே போகிறது. ஐபிடி நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நோய் குழந்தைப் பருவத்திலோ பதின்வயதிலோ தொடங்குகிறது.

வயதுவாரியாகப் பார்த்தால் இன்னொரு சங்கதி. மொத்தம் தட்டையாக இருந்த அந்தக் கனடா ஆய்விலேயே, 5 வயதுக்குட்பட்டோரிடம் மட்டும் ஆண்டுக்கு 7.2 சதவீத உயர்வு தெரிந்தது. அப்படியே போனால் பத்தாண்டில் இரட்டிப்பு. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த வயதில் அடிப்படை எண்ணே மிகச் சிறியது, ஆகையால் சில பத்துக் குழந்தைகள் கூடினாலே சதவீதம் பெரிதாகத் தெரியும். 6 வயதுக்கு முன் தொடங்குவதை மிக இளவயது ஐபிடி என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள். காரணம், இந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியினருக்கு நோய் ஒற்றை மரபணுப் பிழையால் வருகிறது. 2 வயதுக்கு முன்பே தொடங்கினால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். அழற்சியை அடக்கும் சமிக்ஞையான இண்டர்லூகின்-10ஐ வாங்கும் ஏற்பியில் பிழை இருந்தால் முதல் சில மாதங்களிலேயே கடும் கொலைட்டிஸும் ஆசனவாய்ப் புரையும் வரும் என்பது 2009 இல் தெரியவந்தது. அத்தகைய குழந்தைக்கு வழக்கமான மருந்துகள் பெரிதாகப் பலிக்காது. எலும்பு மஜ்ஜை மாற்றுதான் வழி. அதனால் கைக்குழந்தை ஐபிடி என்றால் மரபணுப் பரிசோதனை முதல் படிகளில் ஒன்று. உங்கள் பையனின் வயதில் அதற்கான தேவை பெரும்பாலும் எழாது.

மரபணு ஒரு தலைமுறையில் மாறாது. எண்ணிக்கை ஒரு தலைமுறையில் மூன்று மடங்காகிறது. ஆகவே சுற்றுச்சூழல்தான் காரணம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்தச் சுற்றுச்சூழல் என்பதில்தான் வேறுபாடு. இதற்கு மிக வலுவான சான்று குடிபெயர்ந்த குடும்பங்களிடமிருந்து வருகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2007 இல் வெளியான ஆய்வில் தெற்காசிய வம்சாவளிக் குழந்தைகளிடம் ஒரு லட்சத்துக்கு 15.19, மற்ற குழந்தைகளிடம் 5.19 என்று வந்தது. அதே நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் பார்த்தபோது, குடிபெயர்ந்து வரும் வயது எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு ஆபத்து அதிகம். பத்து வயது முன்னதாக வந்தால் ஆபத்து 14 சதவீதம் கூடுதல். அங்கேயே பிறந்த தெற்காசியக் குழந்தைகளின் விகிதமோ உள்ளூர்க் குழந்தைகளின் விகிதத்தை எட்டிவிடுகிறது. பெரியவர்களாக வந்த பெற்றோருக்கு இல்லாதது பிள்ளைகளுக்கு வருகிறது என்றால், முதல் சில ஆண்டுகளின் வாழ்க்கைச் சூழல் எதையோ நிர்ணயிக்கிறது என்றுதான் பொருள். கிராமத்தில் வளர்வது காப்பதாகத் தெரிவதும் இதே திசையில்தான்: கனடாவில் 10 வயதுக்குட்பட்ட கிராமப்புறக் குழந்தைகளின் விகிதம் நகரத்துக் குழந்தைகளின் விகிதத்தில் பத்தில் ஆறு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

அந்த “எதையோ” என்ன? கைக்குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிடம் ஐபிடி அதிகம் என்று பல ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: இன்னும் பெயர் வைக்கப்படாத ஐபிடியின் கழிச்சலுக்கும் காய்ச்சலுக்குமே சில குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் விளைவைக் காரணமாக எண்ணுகிறோம். நோய் கண்டறியும் முன் ஓரிரு ஆண்டு எடுத்த மருந்துகளைக் கழித்துவிட்டுக் கணக்கிட்ட ஆய்வுகளிலும் தொடர்பு மிஞ்சுகிறது. அதனால் இதை நான் ஓரளவு நம்புகிறேன். தாய்ப்பால் காப்பதாகத் தெரிகிறது, அளவு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. மிகையாகப் பதப்படுத்திய உணவும் எண்ணெயும் நீரும் பிரியாமலிருக்க அதில் சேர்க்கும் குழம்பாக்கிகளும் எலிகளில் குடல் சளிப்படலத்தைக் குலைக்கின்றன. குழந்தைகளில் அதுவே காரணம் என்பதற்கு நேரடிச் சான்று இன்னும் போதாது. குடும்பத்தில் இருந்தால் ஆபத்து சில மடங்கு கூடும், ஆனால் நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளின் வீட்டில் வேறு யாருக்கும் இருக்காது. தடுப்பூசி காரணமா என்று யாராவது கேட்டால் விடை தெளிவு: இல்லை. தட்டம்மையும் அடங்கிய எம்எம்ஆர் தடுப்பூசியைக் குடல் நோயோடும் ஆட்டிசத்தோடும் முடிச்சுப் போட்ட 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட தி லான்செட் இதழே 2010 இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. நீங்கள் ஊட்டிய ஏதோ ஒன்றால் வந்தது என்ற குற்றவுணர்வுக்கும் இடமில்லை. தனி ஒரு குழந்தையில் காரணத்தைச் சுட்டிக்காட்ட இன்று யாராலும் முடியாது.

இனி உங்கள் பையன். எழுத்தில் கேட்டதை வைத்து நோயைச் சொல்ல முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். தொப்புளைச் சுற்றி வலி, காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அதிகம், இரவில் தூக்கத்தைக் கெடுப்பதில்லை, எடையும் உயரமும் ஒழுங்காக ஏறுகின்றன என்றால் அது பெரும்பாலும் ஐபிடி இல்லை. மலத்தில் இரத்தம், இரவில் எழுந்து கழிப்பறைக்கு ஓடுவது, நான்கு வாரத்துக்கு மேல் கழிச்சல், காரணம் தெரியாத காய்ச்சல், திரும்பத் திரும்ப வாய்ப்புண், மூட்டு வீக்கம், ஆசனவாயருகே தோல் மடிப்போ புரையோ, இரும்புச்சத்து கொடுத்தும் ஏறாத ஹீமோகுளோபின், பூப்பு தள்ளிப்போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் சோதித்தே ஆக வேண்டும். குரோன் நோயில் கழிச்சல் இல்லாமலே போகலாம். சிறுகுடலில் ஒதுங்கிய நோய், சாப்பிட்டதும் வலி, பசியின்மை, வளர்ச்சி நின்றுபோவது என்று மட்டுமே காட்டும். அதனால்தான் கொலைட்டிஸைவிட அதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் கூடுதலாக ஆகிறது.

வளர்ச்சிக்கு ஒரு பத்தி ஒதுக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் பெரியவர்களின் ஐபிடியில் இல்லாத தடயம் இதுதான். குடலில் எரியும் அழற்சி, வளர்ச்சி ஹார்மோன் எலும்பில் வேலை செய்வதையே தடுக்கிறது. அதோடு பசியின்மையும் சேர்கிறது. சில குழந்தைகளில் வயிற்று வலிக்கு ஓராண்டுக்கு முன்பே உயரம் தேங்கத் தொடங்கியிருக்கும். பூப்புக்கு முன் ஒரு பிள்ளை ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர வேண்டும், 4 செ.மீ.க்குக் குறைந்தால் கேள்வி கேட்க வேண்டும். அளக்கும் முறை முக்கியம். வெறுங்காலோடு, குதிகால், பிட்டம், தோள் சுவரில் பட, பார்வை நேராக, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போடுங்கள். மாலையில் முதுகெலும்பு அழுந்தி ஒரு செ.மீ. வரை குறையும், ஆகவே எப்போதும் காலையில் அளக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த இடைவெளியில் இரண்டு அளவை எடுத்துக் கழித்து ஆண்டு வேகத்தைக் கணக்கிடாதீர்கள். அளவுப் பிழையே விடையை விழுங்கிவிடும். பையன் குள்ளமா என்பதல்ல கேள்வி. அவன் இதுவரை ஏறிவந்த வரைகோட்டிலிருந்து கீழே இறங்குகிறானா என்பதுதான். 75 ஆம் சதமானத்தில் (நூறு பேரை உயர வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து 75 ஆம் இடம்) இருந்தவன் 25க்கு வந்தால், வகுப்பில் இன்னும் சராசரி உயரமாகவே தெரிவான். யார் கண்ணிலும் படாது.

பரிசோதனைகளில் முதல் கட்டம் எளிது: முழு இரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, இரத்தப் புரதமான ஆல்புமின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், கல்லீரல் நொதிகள், கோதுமைப் புரதத்தால் தூண்டப்படும் சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள், மலத்தில் கிருமி வளர்ப்பு, அமீபா போன்ற ஒட்டுண்ணிகள். இரத்தம் எல்லாம் இயல்பு என்று வந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். லேசான நோயில், குறிப்பாக லேசான அல்சரேட்டிவ் கொலைட்டிஸில், இரத்தப் பரிசோதனை முழுக்க இயல்பாக இருப்பது சாதாரணம்.

மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின்தான் இந்த இடத்தில் கைகொடுப்பது. குடலுக்குள் வந்து குவியும் வெள்ளணுக்கள் உதிர்க்கும் புரதம் அது. 4 வயதுக்கு மேல் ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் ஐபிடி வாய்ப்பு மிகக் குறைவு. 50 முதல் 250 வரை இரண்டும்கெட்டான். நான்கு முதல் ஆறு வாரம் விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். 250க்கு மேல், அதுவும் இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால், குழந்தைகள் குடல் மருத்துவரிடம் போக வேண்டும். தவறாக உயர்வது ஏராளம்: சாதாரண வயிற்றுப்போக்குக் கிருமியே எண்ணை ஆயிரத்துக்கு மேல் தூக்கிவிடும், இபுபுரூஃபன் வகை வலிமாத்திரை தூக்கும், பெருங்குடல் பாலிப்பும் தூக்கும். கைக்குழந்தைகளுக்குச் சில நூறு வரை இயல்பே. அதனால் கழிச்சல் நின்று சில வாரம் கழித்து, வலிமாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, காலையின் முதல் மலத்தை, தண்ணீரும் சிறுநீரும் படாமல் எடுத்துக் கொடுங்கள். அன்றே கொடுக்க முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டாம் முறையும் அதே ஆய்வகத்தில் கொடுங்கள், ஏனென்றால் கருவிக்குக் கருவி எண் மாறும். 180 என்று ஓரிடத்தில் வந்து, 260 என்று வேறிடத்தில் வந்தால் நோய் முற்றியதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எதிர்ப்பக்கமும் ஒன்று: சிறுகுடலோடு நிற்கும் குரோன் நோயில் எண் அவ்வளவாக உயராமல் ஏமாற்றலாம்.

எண் உயர்ந்தே இருந்தால் அடுத்தது மயக்கம் கொடுத்து மேலிருந்தும் கீழிருந்தும் எண்டோஸ்கோப்பி. பெருங்குடலோடு நிறுத்தாமல் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள்ளும் நுழைந்து, பார்வைக்கு நன்றாக இருக்கும் இடங்களிலும் பயாப்ஸி எடுக்க வேண்டும். பின் சிறுகுடலுக்கு எம்ஆர் என்டெரோகிராஃபி என்ற ஸ்கேன். “கொலனோஸ்கோப்பி மட்டும் போதும்” என்று மேல்பகுதியை விட்டுவிட்டால், குழந்தைகளில் குரோனா கொலைட்டிஸா என்ற முடிவே பிசகும். குழந்தைகளின் கொலைட்டிஸ் பெரியவர்களுடையதைவிட விரிவானது. பெரும்பாலோருக்கு நோய் கண்டறியும்போதே முழுப் பெருங்குடலும் பாதிக்கப்பட்டிருக்கும். குடல் காசநோய்க்கு வாய்ப்புள்ள குழந்தையாக இருந்தால் அதை விலக்காமல் ஸ்டீராய்டோ உயிரியல் மருந்தோ (உயிரணுக்களில் தயாரித்த, நோயெதிர்ப்பை அடக்கும் புரத மருந்து) தொடங்குவது ஆபத்து.

எண்ணிக்கை ஏறிய அதே காலத்தில் சிகிச்சையும் மாறியிருக்கிறது. குரோன் நோய்க்குக் குழந்தைகளிடம் பல இடங்களில் இப்போது முதல் தேர்வு ஸ்டீராய்டு அல்ல, முழுத் திரவ உணவுச் சிகிச்சை: ஆறு முதல் எட்டு வாரம் எல்லாக் கலோரியும் முழுச்சத்துத் திரவ உணவிலிருந்து, அதற்கு மேல் தண்ணீர் மட்டும். 30 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,800 முதல் 2,000 கலோரி, அதாவது மில்லிக்கு ஒரு கலோரி தரும் திரவம் ஏறத்தாழ இரண்டு லிட்டர். மூன்று நான்கு நாளில் படிப்படியாக அந்த அளவுக்கு ஏற்றுவார்கள். முழுமையாகக் கடைப்பிடிப்பவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு நோய் அடங்குகிறது, வளர்ச்சியும் பாதிக்கப்படுவதில்லை. சறுக்குவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான். அலுப்புத் தட்டும், “ஒரு வாய்தானே” என்று வீட்டுச் சாப்பாடு உள்ளே போகும், பலன் குறையும். குடிக்கவே முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்து முடிக்கலாம். ஏற்கெனவே மிக மெலிந்த குழந்தைக்கு வேகமாக ஏற்றினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்துவிடும், ஆகவே முதல் வாரம் இரத்தம் பார்ப்பார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் இந்த முறை பயன் தருவதில்லை.

இன்னொரு மாற்றம் உயிரியல் மருந்துகளை முன்கூட்டியே தொடங்குவது. அவற்றில் ஒன்றான இன்ஃப்ளிக்சிமாப் குழந்தைகளின் குரோன் நோய்க்கு அமெரிக்காவில் 2006 இல் அனுமதிக்கப்பட்டது. வழக்கமான தொடக்கம் கிலோவுக்கு 5 மி.கி., 0, 2, 6 ஆம் வாரங்களில், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. 30 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகள் மருந்தை விரைவாகக் கழித்துவிடுவதால் அளவு பெரும்பாலும் போதாது. இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துக் கூட்ட வேண்டும். 913 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2017 இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வு சொன்னது: நோய் கண்டறிந்த முதல் 90 நாளுக்குள் இவ்வகை மருந்தைத் தொடங்கியவர்களுக்குக் குடல் துளைத்துப் புரை வைப்பது குறைந்தது, குடல் சுருங்கி அடைப்பது குறையவில்லை. பாதி வெற்றி என்றே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நோயெதிர்ப்பை அடக்கும் அசாதயோப்ரின் மாத்திரை கொடுப்பதாக இருந்தால், அதை உடலில் சிதைக்க உதவும் டிபிஎம்டி (TPMT) மட்டுமல்லாமல் நட்-15 (NUDT15) மரபணுவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆசிய வம்சாவளியினரிடம் இரண்டாவதில்தான் மாறுபாடு அதிகம், அது இருந்தால் வெள்ளணுக்கள் திடீரென்று சரியும். எதைத் தொடங்கினாலும் அதற்கு முன் விடுபட்ட தடுப்பூசிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளை நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து தொடங்கியபின் போட முடியாது.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே. பள்ளி மருத்துவ அட்டை, தடுப்பூசிப் புத்தகம், பழைய மருத்துவச் சீட்டுகள் என்று எங்கெல்லாம் பையனின் உயரமும் எடையும் தேதியோடு எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, குழந்தை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பு வையுங்கள்: வலி எத்தனை மணிக்கு, எங்கே, இரவில் எழுப்பியதா, மலம் எத்தனை முறை, இரத்தம் உண்டா. இதற்கிடையில் இரத்தம் கலந்த கழிச்சல் நாளுக்கு ஆறு முறைக்கு மேல் போனாலோ, வயிறு உப்பிக் கல்லாக இறுகினாலோ, பச்சை வாந்தி எடுத்தாலோ, ஆசனவாயருகே வலியோடு வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தாலோ குறிப்பு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.